சும்மா இருந்தால் அணைந்துபோகும் கம்ப்யூட்டர்

"அண்ணா, கேம் ஓட்டுனா ரெண்டு மணி நேரம் நிக்காம ஓடுதுங்க. எந்திரிச்சுப் போய் டீ குடிச்சுட்டு வந்தா ஆஃப் ஆயிக் கிடக்குது."

கேபினட்டை இரண்டு கையாலும் அணைத்தபடி என் கடை மாடிக்கு ஏறி வந்த கல்லூரித் தம்பி, மூச்சு வாங்கச் சொன்னது இது. வாய் தவறி மாற்றிச் சொல்கிறான் என்று நினைத்தேன். வேலை கூடினால் அணைகிற கம்ப்யூட்டர் கோவையில் வாரத்துக்கு நாலு வரும். சூடு, தூசி, ப்ராசஸர் மேல் காய்ந்துபோன பேஸ்ட், திணறும் எஸ்எம்பிஎஸ் (கரண்டை வாங்கி உள்ளே பிரித்துக் கொடுக்கும் பெட்டி) என்று காரணமும் கையோடு வரும். வேலை கொடுத்தால் ஓடுகிறது, சும்மா விட்டால் சாகிறது என்றால் அது வேறு ரகம்.

அவனே வீட்டில் அசெம்பிள் செய்த மெஷின். இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5, எச்81 மதர்போர்டு, இரண்டும் செகண்ட் ஹேண்ட். கேபினட்டும் எஸ்எம்பிஎஸும் அவன் அப்பா 2007 வாக்கில் வாங்கிய பழைய கம்ப்யூட்டரில் இருந்தவை. ஆறு மாதம் ஒழுங்காக ஓடியிருக்கிறது. ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்ட வாரத்தில்தான் வியாதி ஆரம்பம். அதனால் எஸ்எஸ்டி மேல் சந்தேகப்பட்டு வேறொன்று மாற்றியிருக்கிறான். விண்டோஸ் மூன்று தடவை போட்டாயிற்று. ராமைக் கழற்றி ரப்பரால் தேய்க்கும் சடங்கும் முடிந்துவிட்டது.

கேபினட்டைத் திறந்து, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வந்து எதிலும் சொருகாமல் தொங்கிய மோலக்ஸ் என்ற நாலு பின் கனெக்டரில் மல்டிமீட்டரை வைத்தேன். மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே 12 வோல்ட் இருக்கவேண்டும். ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்பது ஏடிஎக்ஸ் (போர்டுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குமான அளவுமுறை) விதி, அதாவது 11.40 முதல் 12.60 வரை. கேம் ஓடும்போது 12.2. சரி. கேமை மூடிவிட்டு டெஸ்க்டாப்பில் சும்மா விட்டேன். 12.5, 12.6, 12.8 என்று ஏறியது, பிறகு டக்கென்று அணைந்தது. அணைந்த அந்த நொடியில் எவ்வளவு போனதோ, மெதுவாக எண் மாற்றும் என் மீட்டருக்குப் பிடிபடாது.

பிரச்சினை குறைவில் இல்லை. கூடுதலில் இருந்தது.

அந்தக் காலத்து மலிவு எஸ்எம்பிஎஸ்களில் 12 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்துவதில்லை. ஒரே நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகள் மாதிரி, இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் உள்ளே இருக்கும் ஐசி முடுக்கும், தளர்த்தும். இரண்டு பக்கமும் ஓரளவு பாரம் இருந்தால் வண்டி நேராகப் போகும். 5 வோல்ட் பக்கம் பாரம் இருந்து 12 வோல்ட் பக்கம் காலியாக இருந்தால் 12 எகிறும்.

2013-ல் வந்த நான்காம் தலைமுறை இன்டெல்லின் பெருமையே, சும்மா இருக்கும்போது ஆழ்ந்த தூக்கத்துக்குப் போவதுதான். சி6, சி7 என்று பெயர். அப்போது ப்ராசஸருக்குப் போகும் 12 வோல்ட் லைனில் வெறும் 0.05 ஆம்பியர்தான் ஓடும் என்று இன்டெல்லே எஸ்எம்பிஎஸ் தயாரிப்பாளர்களுக்குச் சொல்லியிருந்தது. அதற்கு முன்பு குறைந்தபட்சம் 0.5 ஆம்பியர் என்று கணக்கு வைத்திருந்தார்கள். பத்தில் ஒரு பங்கு! 2007 எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இது எப்படித் தெரியும்?

ஆறு மாதம் ஓடியதற்கும் காரணம் உண்டு. ஹார்டு டிஸ்கின் மோட்டார் சுற்றுவது 12 வோல்ட்டில். ப்ராசஸர் தூங்கினாலும் அந்த மோட்டார் பாரத்தைத் தாங்கிப் பிடித்திருந்தது. சாட்டா எஸ்எஸ்டி 5 வோல்ட்டில் மட்டும் ஓடுவது. இவன் நல்லதுக்கென்று செய்த மாற்றம், 12 பக்கத்தில் மிச்சமிருந்த பாரத்தையும் இறக்கிவிட்டது.

உறுதி செய்ய பயாஸுக்குள் (போர்டின் செட்டிங்ஸ் பகுதி) போய் சி6, சி7 இரண்டையும் நிறுத்தினேன். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து பார்த்தால் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் திரும்ப இயக்கிவிட்டு, பழைய ஹார்டு டிஸ்கை பவருக்கு மட்டும் சொருகினேன். அப்போதும் ஓடியது. "அப்ப இப்படியே வெச்சுக்கலாமாண்ணா?" என்றான். சிரிப்புத்தான் வந்தது. வைத்துக்கொள்ளலாம், ஆனால் பதினைந்து வயதான கெப்பாசிட்டர்களை நம்பி புது எஸ்எஸ்டியையும் போர்டையும் கட்டிப்போடுவது எனக்குச் சம்மதமில்லை. புது எஸ்எம்பிஎஸ் வாங்கச் சொன்னேன். ஏஎம்டியின் ரைசன் ப்ராசஸர் வைத்திருப்பவர்களுக்கும் இதே மாதிரி ஒரு தொல்லை வருவதுண்டு. அந்த போர்டுகளின் பயாஸில் 'பவர் சப்ளை ஐடில் கண்ட்ரோல்' என்று ஒரு வரி இருக்கும். அதை 'டிப்பிகல்' என்று மாற்றிப் பார்க்கலாம்.

என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "கரெக்டா போய் உக்காந்துச்சுங்க, அப்புறம் என்ன?" பிளக்கின் வடிவம் பொருந்தினால் மின்சாரமும் பொருந்தும் என்று நம்புகிறார்கள். ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையை இன்டெல் 1995-ல் கொண்டுவந்தது. முதலில் 20 பின். 2000-ல் பென்டியம் 4 வந்தபோது ப்ராசஸருக்குத் தனியாக 12 வோல்ட் 4 பின் சேர்ந்தது. 2003-ல் முக்கியக் கனெக்டர் 24 ஆனது. பழையதும் புதியதும் ஒன்றோடொன்று சொருகிக்கொள்ளும்படிதான் செய்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த இருபது சொச்சம் வருடத்தில் கம்ப்யூட்டரின் பசி முழுக்க 5 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறிவிட்டது. பிளக்கைப் பார்த்தால் அது தெரியாது, லேபிளைப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தத் தம்பியின் எஸ்எம்பிஎஸ் மேல் கொட்டை எழுத்தில் 450 வாட் என்று போட்டிருந்தது. கீழே கட்டத்துக்குள் 12 வோல்ட்டுக்கு நேராக 14 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 168 வாட். மீதியெல்லாம் இன்றைய போர்டு அதிகம் தொடாத 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் இருக்கிறது. ஐ5 12400 ப்ராசஸரின் பெட்டியில் 65 வாட் என்று இருக்கும், ஆனால் முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்க இன்டெல்லே அனுமதித்திருக்கிறது. கிராபிக்ஸ் கார்டுக்கு ஸ்லாட் வழியாக 75, ஆறு பின் வழியாக 75, எட்டு பின் வழியாக 150 வாட் வரை போகலாம். கடைக்காரர் "450 வாட், தாராளம்" என்று சொன்னால், கட்டத்துக்குள் விரல் வைத்து 12 வோல்ட் எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். 80 ப்ளஸ் முத்திரை நல்லதுதான், ஆனால் அது சொல்வது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும். ஷார்ட் ஆனால் காப்பாற்றுமா என்பதைச் சொல்லாது.

பொருந்தியது போலிருந்து கழுத்தறுப்பதில், எஸ்எம்பிஎஸ் முனையிலும் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் கேபிளுக்கு ஈடில்லை. கல்யாண போட்டோ எடுக்கும் ஒருவர் எஸ்எம்பிஎஸ்ஸைப் புதிதாக மாற்றினார். புதிய கேபிள்களை மறுபடி உள்ளே இழுத்துக் கட்ட சோம்பல். பழைய கேபிள்கள் அழகாகக் கட்டியபடி உள்ளேயே இருந்தன, எஸ்எம்பிஎஸ் முனையில் மட்டும் கழற்றிப் புதியதில் சொருகினார். கரெக்டாகப் போய் உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும் இரண்டு ஹார்டு டிஸ்கும் போயின. போர்டு பக்கம், டிஸ்க் பக்கம் உள்ள பின் வரிசைக்கு விதி இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் பக்கத்துக்கு எந்த விதியும் இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடலும் மாறும். 5 வோல்ட் போகவேண்டிய கம்பியில் 12 வோல்ட் போயிருக்கிறது. ஒரு டிஸ்கில், அதன் சின்ன போர்டின் ஓரத்தில் கூடுதல் வோல்ட்டேஜுக்குக் காவலாக இருக்கும் டிவிஎஸ் டயோடு தானே ஷார்ட் ஆகி மற்றதைக் காப்பாற்றியிருந்தது. அதை எடுத்துவிட்டதும் டிஸ்க் சுற்றியது, உடனே காப்பி எடுத்தோம். இன்னொன்றில் ஐசியே பொசுங்கிவிட்டது. அதில் இருந்தது இரண்டு வீட்டுக் கல்யாணம். அவர் அந்த இரண்டு வீட்டுக்கும் போன் செய்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

பிராண்டட் ஆபீஸ் மெஷின்களின் போர்டை மட்டும் எடுத்துவந்து சாதாரண கேபினட்டில் போடுவதும் இப்போது நிறைய நடக்கிறது. 6 பின், 10 பின், 14 பின் என்று சொந்தக் கனெக்டர் வைத்திருந்தால் நல்லது, குறைந்தபட்சம் யோசிக்கவாவது வைக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பெரிய அமெரிக்க நிறுவனம் ஏடிஎக்ஸ் பிளக்கையே வைத்துக்கொண்டு கம்பி வரிசையை மட்டும் மாற்றியது. அப்படிப்பட்டதுதான் ஆபத்து.

இனி "ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்னுடுது" கேஸ். எஸ்எம்பிஎஸ் எங்கேயோ ஷார்ட்டை உணர்ந்து தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது என்று பொருள். போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டி மேல் வைத்து, ப்ராசஸர், கூலர், ஒரு ராம், 24 பின், ப்ராசஸருக்கான 4 அல்லது 8 பின் மட்டும் கொடுத்துப் பாருங்கள். ஓடினால் குற்றவாளி கேபினட். போர்டுக்கு அடியில் ஓட்டை இல்லாத இடத்தில் போர்டைத் தாங்கும் ஒரு பித்தளை ஸ்டாண்டாஃப் கூடுதலாக இருக்கும். இதில் நானும் பெருமை பேச முடியாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவருக்கு "போர்டு டெட்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், வேறு கடையில் ஒரே ஒரு ஸ்டாண்டாஃபைக் கழற்றி ஓட்டிக் காட்டிவிட்டார்கள். அவர் அப்புறம் என் கடைப் பக்கம் வரவே இல்லை.

ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, டிஸ்ப்ளே மட்டும் இல்லை என்றால், முதலில் ப்ராசஸருக்கு அருகிலுள்ள 12 வோல்ட் பிளக் சொருகியிருக்கிறதா பாருங்கள். பாதிப் பேர் மறப்பது அதைத்தான். கிராபிக்ஸ் கார்டின் 8 பின்னை அங்கே அழுத்தித் திணிப்பவர்களும் உண்டு. இரண்டிலும் மஞ்சளும் கறுப்பும் நேர்மாறான பக்கத்தில் இருக்கின்றன, போகவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. அதுவும் சரி என்றால் பழி எஸ்எம்பிஎஸ் மேல் இல்லாமலும் இருக்கலாம். பெயரின் கடைசியில் 'எஃப்' இருக்கும் இன்டெல் ப்ராசஸர்களில் கிராபிக்ஸே கிடையாது, போர்டின் எச்டிஎம்ஐ-யில் மானிட்டரைச் சொருகிக் காத்திருந்து பயனில்லை. எட்டாம் தலைமுறையை ஆறாம் தலைமுறை போர்டில் வைத்தால், எல்ஜிஏ1151 என்று இரண்டிலும் சாக்கெட்டுக்கு ஒரே பெயர் இருந்தாலும் ஓடாது. பழைய பி450 போர்டில் ரைசன் 5000 போடுமுன் பயாஸைப் புதுப்பிக்கவேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்க, 24 பின்னில் பச்சைக் கம்பியையும் ஏதாவது ஒரு கறுப்பையும் ஜெம் கிளிப்பால் இணைப்பது எல்லாருக்கும் தெரிந்த வித்தை. ஃபேன் சுற்றினால் "எஸ்எம்பிஎஸ் ஓகே" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது உயிரோடு இருக்கிறது என்பதுதான் அதில் தெரிவது, பாரம் தாங்குமா என்பது இல்லை. சாம்பல் நிறக் கம்பியையும் பாருங்கள். எல்லா வோல்ட்டேஜும் நிலைக்கு வந்து 100 முதல் 500 மில்லி செகண்டுக்குள் அதில் 5 வோல்ட் வரவேண்டும். "எல்லாம் தயார், ஆரம்பி" என்று போர்டுக்குப் போகும் சைகை அது. வராவிட்டால் போர்டு ப்ராசஸரை எழுப்பாது. சில மலிவுச் சரக்குகளில் இந்தக் கம்பியை நேராக 5 வோல்ட்டோடு கட்டிவிடுகிறார்கள், தயாரோ இல்லையோ எப்போதும் தலையாட்டும். எந்தக் காரணத்துக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

நம்மூருக்கென்று இரண்டு விஷயம். நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கினால் அதில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சர்க்யூட் இருக்கும். வீட்டில் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால், கரண்ட் போகும் நொடியில் ரீஸ்டார்ட் ஆகலாம், அணையலாம். புது எஸ்எம்பிஎஸ் மோசம் என்று திருப்பிக் கொண்டுவராதீர்கள், இன்வெர்ட்டரைப் பாருங்கள். இரண்டாவது, கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? எஸ்எம்பிஎஸ் லீக் என்று நினைக்கவேண்டாம், முதலில் எர்த்தைப் பாருங்கள். இரைச்சலை வடிகட்ட உள்ளே இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் பெட்டியோடு இணைந்திருக்கும். எர்த் இல்லாத வீட்டில் பெட்டி சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடுங்கள். காலில் ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்வது தீர்வல்ல, அதையும் ஒருவர் எனக்கு யோசனையாகச் சொன்னார்.

தம்பி அடுத்த வாரம் புது எஸ்எம்பிஎஸ் வாங்கிவந்தான். மாட்டிக் கொடுத்தேன். சாயங்காலம் அவன் அப்பா போன் செய்தார். "ஏனுங்க, பழசு நல்லாத்தானுங்களே ஓடிட்டு இருந்துச்சு?" கோபமில்லை, மனத்தாங்கல். "நல்லாத்தானுங்க ஓடுச்சு, இந்த போர்டுக்குத்தான் அது ஒத்துவரலைங்க" என்றேன். பழையதை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

ஹார்டு டிஸ்க் சோதிக்கிற மேஜையில் இப்போது அதுதான் இருக்கிறது. இரண்டு டிஸ்க்கும் ஒரு பழைய டிவிடி டிரைவும் மாட்டிவிட்டு மீட்டரை வைத்தால் 12.08 காட்டுகிறது.