பிளஃப் என்னும் கணக்கு: மூன்று சீட்டுகளில் போக்கர்

போக்கரின் அடிப்படை விதிகளை அண்மையில் கற்றுக்கொண்ட வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகளை அனுப்பியிருக்கிறார். ஐந்து சீட்டும் ஒரே இனமாக அமையும் ஃபிளஷ், ஐந்தும் வரிசையாக அமையும் ஸ்ட்ரெயிட்டை ஏன் வெல்கிறது என்பது முதலாவது. கையில் ஒன்றுமே இல்லாதபோதும் பெரிய சீட்டு இருப்பதைப் போலப் பந்தயம் கட்டும் பிளஃப் என்ற உத்தி, எதிராளியின் முகத்தைப் படிக்கும் சாமர்த்தியம் மட்டும்தானா, அதற்குப் பின்னால் அறிவியல் ஏதேனும் உண்டா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு மேல்நிலைப் பள்ளியில் படித்த சேர்மானக் கணக்கே போதும். இரண்டாவது கேள்வியோ ஆட்டக் கோட்பாடு என்ற கணிதத் துறையின் தொடக்கத்துக்கே நம்மை அழைத்துச் செல்வதால், இக்கட்டுரையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

விதிகளை அறியாதவர்களுக்காக ஒரு சுருக்கம். போக்கர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலும் மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகுகளிலும் வளர்ந்த ஆட்டம். இன்று உலகெங்கும் அதிகம் ஆடப்படும் அதன் வடிவம் டெக்சாஸ் ஹோல்டம் ஆகும். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கவிழ்த்துத் தரப்படும். பிறகு அனைவருக்கும் பொதுவாக முதலில் மூன்று, அடுத்து ஒன்று, இறுதியில் இன்னொன்று என ஐந்து சீட்டுகள் மேசைமேல் திறந்து வைக்கப்படும். தன் இரண்டு, பொதுவான ஐந்து ஆகிய ஏழிலிருந்து மிகச் சிறந்த ஐந்து சீட்டுகளை அமைப்பவர் வெல்வார். பொதுச் சீட்டுகள் திறக்கப்படுவதற்கு முன் ஒரு முறையும், ஒவ்வொரு கட்டத்துக்குப் பின் ஒரு முறையும் பந்தயச் சுற்று நடைபெறும். தன் முறை வரும்போது ஒருவர் பந்தயம் கட்டலாம், பிறர் கட்டிய தொகைக்கு ஈடு கொடுக்கலாம், அதை உயர்த்தலாம், அல்லது ரம்மியில் ஸ்கூட் விடுவதைப் போலச் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகிக்கொள்ளலாம். மற்ற எல்லோரும் விலகிவிட்டால் எஞ்சியவர் தன் சீட்டைக் காட்டாமலேயே நடுவில் சேர்ந்த தொகையை எடுத்துக்கொள்வார். பிளஃப் என்ற உத்தி இந்தக் கடைசி விதியிலிருந்தே பிறக்கிறது.

சீட்டுகளின் தரவரிசை அரிதானது உயர்ந்தது என்ற ஒரே கொள்கையின்மேல் நிற்கிறது. 52 சீட்டுகளிலிருந்து ஐந்தை 25,98,960 வழிகளில் எடுக்கலாம். ஐந்தும் ஒரே இனமாக அமையும் ஃபிளஷ் இவற்றுள் 5,108 வழிகளிலும், வரிசையாக அமையும் ஸ்ட்ரெயிட் 10,200 வழிகளிலும் கிடைக்கின்றன (இரண்டுமாக ஒருங்கே அமையும் 40 வழிகளைத் தனியே கழித்துவிட்டோம்). ஏறக்குறைய இரு மடங்கு அரிதாக இருப்பதால் ஃபிளஷ் மேலே நிற்கிறது. ஒரே ஒரு ஜோடி மட்டும் அமைவது 10,98,240 வழிகளில், அதாவது சுமார் 42 விழுக்காடு. ஆனால் ஹோல்டமில் ஏழு சீட்டுகளிலிருந்து தேர்வதால் இந்த ஒழுங்கு ஓரிடத்தில் பிசகுகிறது. ஏழு சீட்டுகளில் ஒரு ஜோடி மட்டும் அமையும் வாய்ப்பு 43.8 விழுக்காடு, ஜோடிகூட அமையாமல் போகும் வாய்ப்பு 17.4 விழுக்காடுதான். அரிதானது உயர்ந்தது என்றால் ஒன்றுமில்லாத கைதானே ஜோடியை வெல்ல வேண்டும்? விதியை அப்படி மாற்றினால், ஜோடி வைத்திருப்பவர் அதில் ஒன்றை விட்டுவிட்டு வேறு ஐந்து சீட்டுகளைக் காட்டி, தன்னிடமும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். உடனே ஒன்றுமில்லாத கை மலிந்து, ஜோடி அரிதாகிவிடும். ஆகவே இந்த முரணைத் திருத்த வழியில்லை. பழைய வரிசையே நிலைத்துவிட்டது.

இனி பிளஃப்பின் கணக்குக்கு வருவோம். ஹங்கேரியில் பிறந்த கணித மேதை ஜான் ஃபான் நாய்மன் 1928-இல் ஆட்டக் கோட்பாட்டின் அடிப்படைத் தேற்றத்தை நிறுவினார். பொருளியலாளர் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னுடன் இணைந்து 1944-இல் வெளியிட்ட நூலில், போக்கரின் எளிமையாக்கிய வடிவம் ஒன்றை ஆராய்ந்து, பிளஃப் செய்வது ஆட்டத்தின் கட்டமைப்பே கோரும் ஒரு தேவை என்று காட்டினார். இதை விளக்க எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு, 1950-இல் ஹெரால்ட் கூன் என்ற கணிதவியலாளர் வடிவமைத்த குட்டி ஆட்டம். அதில் இருப்பவை ராஜா, ராணி, ஜாக்கி என்ற மூன்று சீட்டுகள் மட்டுமே. ஆடுபவர் இருவர். இருவரும் தலா ஒரு ரூபாயை நடுவில் வைத்து, ஆளுக்கு ஒரு சீட்டைப் பெறுகிறார்கள். மூன்றாவது சீட்டு யாருக்கும் தெரியாமல் கிடக்கும். விரும்பினால் ஒருவர் இன்னும் ஒரு ரூபாய் பந்தயம் கட்டலாம். மற்றவர் அதற்கு ஈடு கொடுக்கலாம் அல்லது விலகலாம். யாரும் விலகாவிட்டால் பெரிய சீட்டு வெல்லும்.

முதலில் ஆடுபவருக்குப் பல சிறந்த வழிகள் உள்ளன. அவற்றுள் எளியது, தான் பந்தயம் எதையும் தொடங்காமல் முறையை அடுத்தவருக்கு விட்டுவிடுவது. அவர் அப்படியே ஆடுகிறார் என்று கொண்டு, இரண்டாமவர் என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம். ராஜாவை வைத்திருப்பவருக்குத் தோல்வியே இல்லை என்பதால் அவர் தயங்காமல் பந்தயம் கட்டுவார். ராணியை வைத்திருந்தால் கட்டக் கூடாது. எதிராளியிடம் ராஜா இருந்தால் அவர் ஈடு கொடுத்து நம் பணத்தை வாங்கிக்கொள்வார்; ஜாக்கி இருந்தால் விலகிவிடுவார், ஆனால் அந்த ஆட்டத்தில் பந்தயம் கட்டாமலே நாம்தான் வென்றிருப்போம். பந்தயம் எந்த வகையிலும் நமக்கு எதையும் கூட்டித் தரவில்லை. எஞ்சுவது ஜாக்கி.

ஜாக்கியை வைத்துக்கொண்டு இரண்டாமவர் ஒருபோதும் பிளஃப் செய்யாத நேர்மையாளர் என்று கொள்வோம். அவர் பந்தயம் கட்டினால் அவரிடம் இருப்பது ராஜாதான் என்று எதிராளிக்குத் தெரிந்துவிடும். ராணி வைத்திருக்கும் எதிராளி ஒவ்வொரு முறையும் விலகிவிடுவார். மூன்று சீட்டுகளை இருவருக்குப் பிரிக்கும் ஆறு வழிகளையும் கணக்கிட்டால், நேர்மையாளரின் சராசரி ஆதாயம் பூச்சியம். அவருடைய ராஜாவுக்குப் பந்தயத்தால் ஒரு காசும் கூடுதலாகக் கிடைக்கவில்லை. மறுமுனையில், ஜாக்கி வரும்போதெல்லாம் பிளஃப் செய்பவரை எடுத்துக்கொள்வோம். எதிராளி ராணியை வைத்துக்கொண்டு எப்போதும் ஈடு கொடுப்பார். பிளஃப் செய்பவர் சராசரியாக ஆறு ஆட்டங்களுக்கு ஒரு ரூபாய் இழப்பார்.

இவ்விரண்டுக்கும் நடுவில், ஜாக்கி வரும்போது மூன்றில் ஒரு முறை மட்டும், எந்த ஒழுங்கும் இல்லாமல் பிளஃப் செய்தால் என்ன ஆகிறது என்பதில்தான் இந்தக் கணிதத்தின் அழகெல்லாம் இருக்கிறது. இப்போது ராணியை வைத்திருக்கும் எதிராளியின் நிலையில் இருந்து யோசியுங்கள். நடுவில் மூன்று ரூபாய் இருக்கிறது. ஈடு கொடுக்க ஒரு ரூபாய் வேண்டும். மூன்றைப் பெற ஒன்றை இழக்கத் துணிவதால், நான்கில் ஒரு முறை வென்றாலே அவருக்கு நட்டமில்லை. இரண்டாமவர் ராஜாவுடன் எப்போதும் பந்தயம் கட்டுகிறார், ஜாக்கியுடன் மூன்றில் ஒரு முறை கட்டுகிறார். ஆகவே அவர் கட்டும் நான்கு பந்தயங்களில் மிகச் சரியாக ஒன்று பிளஃப். எதிராளி விலகினாலும் ஈடு கொடுத்தாலும் விளைவு ஒன்றுதான்: இரண்டாமவர் சராசரியாக 18 ஆட்டங்களுக்கு ஒரு ரூபாய் பெறுவார். எப்போதும் விலகினால் பிளஃப்புகள் வெல்கின்றன. எப்போதும் ஈடு கொடுத்தால் பிளஃப்புகள் தோற்கின்றன, ஆனால் ராஜாவுக்கு இரட்டைத் தொகை கிடைக்கிறது. எதிராளி எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும், இரண்டாமவர் தன் முகத்தால் சீட்டைக் காட்டிக்கொடுக்காத வரை, அவரால் இந்தப் பதினெட்டில் ஒன்றைக் குறைக்க முடியாது.

முதலாமவரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ராணியுடன் அவர் மூன்றில் ஒரு முறை ஈடு கொடுத்தால், அதே தராசு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. பிளஃப் செய்பவர் எதிரே பாதி நேரம் ராஜாவும் (அது எப்போதும் ஈடு கொடுக்கும்), பாதி நேரம் ராணியும் இருப்பதால், மொத்தத்தில் மூன்றில் இரண்டு முறை பிடிபடுவார். இரண்டு முறை ஒரு ரூபாயை இழந்து, ஒரு முறை இரண்டு ரூபாயைப் பெறுவதால் பிளஃப்பின் நேரடி ஆதாயம் பூச்சியமாகிறது. பிளஃப் தனக்காக எதையும் சம்பாதிப்பதில்லை; ராஜாவின் பந்தயத்தை எதிராளி நம்ப மறுக்கும்படி செய்து, அந்த ராஜாவுக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறது. இருவரும் இப்படி ஆடும்போது, யார் தன் முறையை மாற்றினாலும் அவருக்கு நன்மை கூடுவதில்லை. இந்த நிலையைத்தான் சமநிலை என்கிறோம். நடுத்தரமான ராணி பிளஃப் செய்வதில்லை, மிக மோசமான ஜாக்கியே செய்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். உண்மையான போக்கரிலும், எல்லாச் சீட்டுகளும் திறந்த பின் வரும் கடைசிச் சுற்றில், தேர்ந்தவர்கள் பெரும்பாலும் வெல்லவே வாய்ப்பில்லாத கைகளைத்தான் பிளஃப்புக்குத் தேர்கிறார்கள்.

முகபாவனைக்கு இதில் இடமில்லை என்பதற்குக் கணினிகளே சான்று. 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பௌலிங்கின் குழு, பந்தயத் தொகைக்கு வரம்புள்ள, இருவர் ஆடும் ஹோல்டமை ஏறக்குறைய முழுமையாகத் தீர்த்துவிட்டதாக அறிவித்தது. செஃபியஸ் என்ற அந்த நிரல் தனக்குத்தானே ஆடி, ஒவ்வொரு முடிவிலும் 'வேறு விதமாக ஆடியிருந்தால் எவ்வளவு கூடுதலாகக் கிடைத்திருக்கும்' என்ற வருத்தத்தை எண்ணாகக் குறித்துக்கொண்டு, வருத்தம் மிகுந்த வழியை அடுத்த முறை அதிகமாகத் தேர்ந்தது. அதற்கு மனித ஆட்டக்காரர் எவரையும் காட்டவில்லை. ஏமாற்று என்ற சொல்லையும் கற்பிக்கவில்லை. பிளஃப் தானாகவே முளைத்தது. இத்தகைய நெறிமுறைகளை எழுதுபவர்கள் முதலில் அவற்றைச் சோதிப்பது கூனின் மூன்று சீட்டு ஆட்டத்தில்தான். பதினெட்டில் ஒன்று என்ற விடை வந்த பின்பே பெரிய ஆட்டத்துக்குப் போவார்கள்.

இந்தப் பதினெட்டில் ஒன்று, போக்கர் அதிர்ஷ்டமா திறமையா என்ற நெடுநாள் வழக்குக்கும் வெளிச்சம் தருகிறது. தமிழ்நாட்டில் 2022-இல் இயற்றப்பட்ட சட்டம் போக்கரையும் ரம்மியையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவை திறமை ஆட்டங்கள் என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது. கணிதத்தின் பார்வையில் இரண்டு விடைகளும் உண்மை. எத்தனை ஆட்டங்களை எண்ணுகிறோம் என்பதே வேறுபாடு. கூனின் ஆட்டத்தில் ஓர் ஆட்டத்தின் முடிவு சராசரியிலிருந்து சுமார் 1.2 ரூபாய் அளவுக்கு மேலும் கீழும் ஊசலாடுகிறது. நிலையான ஆதாயமோ ஆறு காசுக்கும் குறைவு. அந்த ஊசலைத் தாண்டி ஆதாயம் நம்பகமாகக் கண்ணுக்குத் தெரிய, ஏறத்தாழ 1,800 ஆட்டங்கள் வேண்டும். 2017 ஜனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் துவாமஸ் சாண்ட்ஹோம், நோம் பிரவுன் ஆகியோர் உருவாக்கிய லிப்ரேட்டஸ் என்ற நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றபோது, அந்தப் போட்டி 20 நாட்களில் 1,20,000 ஆட்டங்களாக நீண்டதற்குக் காரணம் இதுவே. ஒரு மாலை நேரத்து வெற்றி தோல்வியில் திறமையின் தடயத்தைத் தேடுவது வீண் வேலை.

இங்கே என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சமமான திறமை உள்ளவர்கள் மாறி மாறி முதலில் ஆடினால், நீண்ட கால ஆதாயம் அனைவருக்கும் பூச்சியம். ஆட்டத்தை நடத்துபவர் ஒவ்வொரு முறையும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்போது அது அனைவருக்கும் நட்டமாகிறது. தொடர்ந்து தோற்றவருக்கு இனி நல்ல சீட்டு வந்தே தீரும் என்ற நம்பிக்கையும், இன்று பணவரவு என்று சொல்லும் ராசிபலனும் இந்த நட்டத்தை மறைக்கும் திரைகளே. நன்றாகக் குலுக்கிய கட்டுக்கு முந்தைய ஆட்டத்தின் நினைவு கிடையாது. குடும்பங்களைக் கடனில் தள்ளிய இந்த நம்பிக்கைகளை மூடநம்பிக்கை என்று வெளிப்படையாகச் சொல்லும் கடமை அறிவியல் எழுதுபவர்களுக்கு உண்டு. பணம் இல்லாமல், புளியங்கொட்டைகளை வைத்து ஆடினாலும் இந்தக் கணக்குகள் அத்தனையும் அப்படியே பொருந்தும்.

சீட்டாட்டத்தை ஆராய்வதற்கா பொதுப் பணம் என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். எதிராளி நம்மைக் கூர்ந்து கவனிக்கிறார் என்று தெரிந்தே முடிவெடுக்க வேண்டிய எந்தச் சூழலுக்கும் இந்தக் கணிதம் பொருந்தும். தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மிலிந்த் தாம்பேயின் குழு உருவாக்கிய ஆர்மர் என்ற நிரல் 2007-இல் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் நடைமுறைக்கு வந்தது. அங்கே எல்லாச் சாலைகளிலும் எந்நேரமும் சோதனைச் சாவடி அமைக்கவும், எல்லா முனையங்களிலும் மோப்ப நாய்களை நிறுத்தவும் போதிய ஆட்கள் இல்லை. காவலர்கள் நிலையான அட்டவணை ஒன்றைப் பின்பற்றினால், நோட்டம் பார்ப்பவர் சில நாட்களில் அதைக் கண்டுகொள்வார். எந்தச் சாலையில், எந்த நேரத்தில், எவ்வளவு விழுக்காடு காவல் இருந்தால் அவருக்கு எந்த வழியும் மற்றொன்றைவிட ஆதாயமாகத் தோன்றாது என்பதைக் கணக்கிட்டு, அந்த விழுக்காட்டின்படி ஒவ்வொரு நாளுக்கும் அட்டவணையைக் குலுக்கிப் போட்டுத் தந்தது அந்த நிரல்.