இழுத்தால் கிளம்ப வேண்டும், விழுந்தால் நிற்க வேண்டும்

சின்னப் படகின் பின்பலகையில் மாட்டும் இரண்டு, ஐந்து, எட்டு குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின்கள் பலவற்றில் பேட்டரி கிடையாது, செல்ஃப் ஸ்டார்ட்டும் கிடையாது. கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு இழுப்பில் ஃப்ளைவீல் என்னும் கனமான சக்கரம் சில சுற்றுகள் சுற்றும். அதற்குள் எஞ்சின் பெட்ரோல் கலந்த காற்றை உறிஞ்சி, அதை நெருக்கி, சரியான நேரத்தில் பொறியும் வைத்தாக வேண்டும். இத்தனைக்கும் தேவையான சக்தி இழுப்பவரின் தோளிலிருந்துதான் வருகிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிப்பு. ஒற்றை சிலிண்டராக இருந்தால் ஒரு இழுப்புக்கு ஒன்றோ இரண்டோ வாய்ப்புதான் கிடைக்கும்.

பொறியும் கையின் வேகத்தை நம்பியே இருக்கிறது. ஃப்ளைவீலில் பதித்த காந்தங்கள் கம்பிச்சுருளைக் கடக்கும்போது மின்சாரம் பிறக்கிறது. அது ஒரு மின்தேக்கியில் சேர்ந்து, சட்டென்று விடுபட்டு, இன்னொரு சுருள் வழியாகப் பல ஆயிரம் வோல்ட்டாகி ஸ்பார்க் பிளக்கில் பாய்கிறது. காந்தம் மெதுவாகப் போனால் மின்னழுத்தமும் குறைவு. அரை மனதாகப் பத்து முறை இழுப்பதால் தோள்தான் வலிக்கும். முதலில் மெல்ல இழுத்து, ஸ்டார்ட்டரின் பல் கவ்வியதை உணர்ந்த பிறகு ஒரே வீச்சில் இழுப்பதுதான் முறை.

சரி, இழுத்தும் கிளம்பவில்லை. உடனே மூடியைக் கழற்றுகிறோம். அதற்கு முன் பார்க்க வேண்டியது முன்பக்கம் தொங்கும் சிவப்புக் கயிற்றை. ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்த, அவர் உடம்பில் மாட்டிக்கொள்ள வேண்டிய பாதுகாப்புக் கயிறு அது. அதன் முனையிலுள்ள கிளிப், எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்சில் மாட்டியிருக்கிறதா? இந்த வகை எஞ்சின்களில் கிளிப் கழன்றால் சுவிட்ச் பொறிக்கான மின்சாரத்தை எஞ்சின் உடலுக்குத் திருப்பிவிடும். பிறகு நாள் முழுக்க இழுத்தாலும் பொறி வராது.

அடுத்தது டேங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகு. அது மூடியிருந்தால் பெட்ரோல் வெளியேற வெளியேற டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகும். எஞ்சின் கரையில் நன்றாகக் கிளம்பி, சில நிமிடம் ஓடி, ஆழத்துக்குப் போனதும் நிற்கும். குழாயின் நடுவிலுள்ள ரப்பர் பந்தையும் கெட்டியாகும் வரை அமுக்க வேண்டும். அதற்குள் ஒருவழி வால்வுகள் உண்டு. அம்புக்குறி எஞ்சினைப் பார்த்து, அந்த முனை மேலே இருக்கும்படி பிடித்தால் சீக்கிரம் நிரம்பும்.

சோக் விஷயத்தில்தான் பலருக்கும் கை தவறுகிறது. முழுமையாக எரிய, எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். ஆனால் எரிவது ஆவிதான், திரவம் இல்லை. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோலின் ஒரு பகுதி ஆவியாகாமல் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் ஆவிப் பங்கு போதுமான அளவு சேர, பெட்ரோலைக் கூடுதலாக அனுப்ப வேண்டியிருக்கிறது. சோக் காற்று வழியை அடைப்பதன் மூலம் அதைச் செய்கிறது. சூடான எஞ்சினிலும், நம் ஊர் மே மாத வெயிலிலும் இந்த உதவி அவ்வளவு தேவைப்படாது. கிளம்பவில்லையே என்று சோக்கை இழுத்தபடியே இழுத்துக்கொண்டிருந்தால் பிளக் நனைந்து பொறி அணைந்துபோகும்.

தமிழகத்திலும் கேரளத்திலும் மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டுகளை மீனவர்கள் பயன்படுத்துவது, எரிவது ஆவிதான் என்பதற்கு நல்ல சாட்சி. அவற்றையும் பெட்ரோலில்தான் கிளப்புகிறார்கள். எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெட்ரோலுக்கு வருகிறார்கள். பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். மண்ணெண்ணெய்க்கு 35 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நிறுத்தும்போது கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிட்டால் மறுநாள் விடியற்காலையில் தோளுக்கு வேலைதான்.

பிளக் நனைந்திருந்தால் அதைக் கழற்றித் துடைத்து, சோக்கை விட்டு, பெட்ரோல் குழாயையும் கழற்றிவிட்டு நாலைந்து முறை இழுத்தால் உள்ளே தேங்கிய பெட்ரோல் வெளியேறும். இங்கே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பிளக் துளை வழியாக ஆவி பீச்சும் அதே நேரத்தில், தொங்கும் பிளக் ஒயர் பக்கத்தில் பொறி விடலாம். ஆகவே இழுப்பதற்கு முன் கில் சுவிட்ச் கிளிப்பைக் கழற்றிவிட வேண்டும். பிளக்கை மாட்டிய பிறகு கிளிப்பைத் திரும்ப மாட்ட மறக்கக் கூடாது, இல்லையென்றால் இன்னொரு சுற்றுக் குழப்பம்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் மல்லுக்கட்டுகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது பழைய பெட்ரோலைத்தான். கார்புரேட்டரில் மெதுஓட்டத்துக்கான துளை ஊசி முனை அளவுதான். மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் ஆவியாகி விட்டுப்போகும் பிசின் அதை அடைக்கப் போதும். இப்போது இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், கடற்கரையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஈரம் ஓர் அளவைத் தாண்டியதும் நீரும் எத்தனாலும் சேர்ந்து தனியே பிரிந்து அடியில் தங்கும். டேங்கின் உறிஞ்சுகுழாய் இருப்பதும் அடியில்தான். எஞ்சினுக்கு முதலில் போவது எரியாத அந்தக் கலவைதான். கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வைத்துப் பார்த்தால், அடியில் கோடு போட்டதுபோல் ஓர் அடுக்கு தெரியும். ஓட்டம் முடிந்ததும் குழாயைக் கழற்றி, மீதி பெட்ரோல் தீரும் வரை எஞ்சினை ஓட விட்டால் இந்தத் தொல்லையில் பாதி போய்விடும். அதையும் எஞ்சினின் அடிப்பகுதி தண்ணீரில் இருக்கும்போதே செய்ய வேண்டும். குளிர்நீரை ஏற்றும் ரப்பர் இம்பெல்லர் தண்ணீர் இல்லாமல் சுற்றினால் விரைவில் கருகிவிடும்.

கிளம்பாத எஞ்சின் எரிச்சல் தருமே தவிர, அதனால் அநேகமாக யாரும் சாவதில்லை. பலமுறை மறுத்துவிட்டு திடீரென்று கிளம்பும் எஞ்சின்தான் பயங்கரம். அந்த நொடியை நினைத்துப் பாருங்கள். கோபத்தில் ஆக்சிலேட்டரைக் கூட்டி வைத்திருப்போம். வாகாக இழுக்க எழுந்து நின்றிருப்போம். கியர் எதில் இருக்கிறது என்பது மறந்திருக்கும். பாதுகாப்புக் கயிறு கையில் மாட்டப்பட்டிருக்காது. படகு முன்னால் பாய, நிற்பவர் பின்பக்கம் சாய்வார். அங்கேதான் புரொப்பல்லர் சுற்றுகிறது. கியரில் இருந்தால் கிளம்பாதபடி தடுக்கும் அமைப்பு பல எஞ்சின்களில் உண்டு, ஆனால் நியூட்ரலே இல்லாத பழைய குட்டி எஞ்சின்கள் கிளம்பும்போதே படகையும் கிளப்பிவிடும்.

எஞ்சினைக் கிளப்புவதில் அடிபடுவது புதிதல்ல. அமெரிக்காவின் மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் 1909-இல் விற்கத் தொடங்கிய அவுட்போர்டில் இழுகயிறே இல்லை. ஃப்ளைவீலின் மேலிருந்த குமிழைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். கிளம்பியதும் அதே குமிழ் சுற்றிச் சுற்றி வந்து விரல் முட்டியைப் பதம் பார்க்கும்.

ஓட்டுபவர் விழுந்த பிறகு படகு நேராகப் போய்விடுவதும் இல்லை. கைவிட்ட ஸ்டியரிங் ஒருபக்கம் திரும்பிக்கொள்ள, படகு வட்டமடித்து, விழுந்தவரை நோக்கியே மீண்டும் மீண்டும் வரும். 2013 மே மாதம் இங்கிலாந்தின் கார்ன்வாலில், பேட்ஸ்டோ அருகே ஒரு வேகப்படகிலிருந்து ஆறு பேர் கொண்ட குடும்பம் தூக்கியெறியப்பட்டது. ஓட்டியவர் பாதுகாப்புக் கயிற்றை மாட்டியிருக்கவில்லை. வட்டமடித்த படகு மோதியதில் தந்தையும் எட்டு வயது மகளும் இறந்தார்கள். அது பெரிய எஞ்சின்தான், ஆனால் ஐந்து குதிரைத்திறன் புரொப்பல்லரும் மனிதச் சதையை வித்தியாசம் பார்த்து வெட்டாது. அமெரிக்காவில் 2021 ஏப்ரல் முதல், 26 அடிக்குக் குறைவான படகில் கில் சுவிட்ச் இருந்தால் ஓடும்போது அதன் கயிற்றை மாட்டியே ஆக வேண்டும் என்பது கூட்டாட்சி விதி.

கயிற்றைத் தொடையைச் சுற்றியோ மணிக்கட்டிலோ மாட்டலாம், பிடியில் தொங்கவிட்டால் பயனில்லை. சுவிட்ச் வேலை செய்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். உப்புநீரில் அதன் ஒயர் அரித்து அறுந்தால், கிளிப்பைப் பிடுங்கினாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். மின்சாரத்தைத் திருப்பிவிடத்தான் வழி இல்லாமல் போய்விடுமே. அதனால் தினமும் எஞ்சினை நிறுத்தும்போது பட்டனை அமுக்காமல் கிளிப்பைப் பிடுங்கி நிறுத்துவது நல்ல பழக்கம். நிற்கவில்லையா, சோக்கை முழுக்க இழுத்தால் எஞ்சின் பெட்ரோலில் மூழ்கி அணைந்துவிடும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. படகின் அடியில் இறங்கித் தேங்கி நிற்கும். காற்றில் ஒன்றரை சதவீதம் இருந்தாலே தீப்பிடிக்கும். டேங்கைக் கரையில் இறக்கி, தரையில் வைத்து நிரப்புங்கள்.

இன்னொன்று. ஓட்டுபவர் கிளிப்போடு சேர்ந்து தண்ணீரில் விழுந்தால் எஞ்சின் நின்றுவிடும், நல்லது. ஆனால் படகில் மிஞ்சியிருப்பவர் அவரை எடுக்கத் திரும்ப வேண்டுமே? கிளிப் இல்லாமல் எஞ்சின் கிளம்பாது. உதிரி கிளிப் ஒன்றைப் படகில் எட்டும் இடத்தில் கட்டி வையுங்கள், கூட வருபவரிடம் எங்கே என்று காட்டிவிடுங்கள். ஒரு நிறுவனத்தின் கிளிப் இன்னொன்றின் சுவிட்சில் பொருந்தாமல் போகலாம். வாங்கியதும் ஒருமுறை மாட்டி, எஞ்சினைக் கிளப்பிப் பார்த்துவிட்டுப் பெட்டியில் போடுங்கள்.