ஏறும்போது வராத முட்டி வலி எறங்கும்போது ஏன் வருது?

கோவை பக்கத்துல இருக்குற வெள்ளியங்கிரி மலைக்கு போயிட்டு வந்தவங்க யாரை வேணா கேட்டுப் பாருங்க, ஏறும்போது மூச்சுதான் வாங்குச்சு, எறங்கும்போதுதான் முட்டி உயிரை எடுத்துடுச்சுன்னு சொல்வாங்க. அவங்கள்லயே நிறைய பேர் வாரக்கடைசில மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரிக்கு சைக்கிள்ல ஏறுறவங்க, அங்கயும் அதே வலிதான், முட்டிச்சில்லுக்கு பின்னாடி எங்கயோ, இங்கதான்னு விரல் வெச்சு காட்ட முடியாத மாதிரி. ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுத்தா போயிடும், மறுபடி கிளம்புனா அதே எடத்துல வந்து நிக்கும்.

தொடையோட முன்பக்கம் இருக்குற நாலு தசையும் ஒண்ணா சேந்து ஒரு தசைநாரா முட்டிச்சில்லை பிடிச்சிருக்கு, சில்லுக்கு கீழ இருந்து இன்னொரு நார் போய் கீழ்க்கால் எலும்புல ஒட்டுது. கதவை கீலுக்கு பக்கத்துல தள்ளுனா அசையாது, ஓரத்துல தள்ளுனா லேசா தொறக்கும் இல்லையா, அதே கணக்குதான், சில்லு அந்த நாரை மூட்டுல இருந்து கொஞ்சம் தள்ளி தூக்கிப் பிடிச்சிருக்கறதாலதான் கம்மி பலத்துலயே நம்மளால காலை நீட்ட முடியுது. ஆனா முட்டி மடங்க மடங்க மேல ஒரு இழுப்பு, கீழ ஒரு இழுப்பு, ரெண்டும் சேந்து சில்லை தொடை எலும்பு மேல வெச்சு அழுத்தும். சமதரைல நடக்கும்போது அந்த அழுத்தம் உடம்பு எடைல கிட்டத்தட்ட பாதிதான், படி ஏறி எறங்கும்போது மூணு மடங்குக்கு மேல போகுது, நல்லா குத்த வெச்சு உக்காந்தா ஏழு மடங்கு வரைக்கும் சொல்றாங்க. 70 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு படிக்கும் 200 கிலோவுக்கு மேல, அதுவும் அந்த சின்ன எலும்பு மேல! அதனாலதான் சில்லுக்கு பின்னாடி இருக்குற குருத்தெலும்பு உடம்புல இருக்குற மூட்டுகள்லயே தடிமனானது.

இதுல ஒரு விஷயம் நிறைய பேருக்கு தெரியறதில்ல, குருத்தெலும்புக்கு நரம்பே கிடையாது, வலி வர்றது அதுக்கு அடியில இருக்குற எலும்புல இருந்தும், சுத்தி இருக்குற கொழுப்புத் திசு, மூட்டு உறையில இருந்தும்தான். ஸ்கேன்ல எல்லாம் நார்மல்னு வந்தாலும் வலி நிஜம்தான், ஸ்கேன்ல தேய்மானம் தெரியற பல பேருக்கு வலியே இருக்காது, அதனால ரிப்போர்ட்டை மட்டும் பாத்து இனி மலையே ஏறக்கூடாதுன்னு முடிவு பண்றது எனக்கு சரியாப் படல.

சரி, எறங்கும்போது மட்டும் ஏன்? ஏறும்போது தொடை தசை சுருங்கி உடம்பை தூக்குது. எறங்கும்போது அதே தசை நீண்டுக்கிட்டே பிரேக் பிடிக்கணும், முன்னாடி வைக்கற கால் கீழ்ப்படியில படற வரைக்கும் மொத்த எடையும் மேல் படியில மடங்கிக்கிட்டே போற ஒத்தக்கால் முட்டியிலதான் நிக்குது, படி எவ்ளோ உயரமோ அவ்ளோ மடக்கு, அவ்ளோ அழுத்தம். மணிக்கணக்கா இப்படி பிரேக் பிடிச்ச தசை சோர்ந்துபோய் கால் நடுங்க ஆரம்பிக்கும், இடுப்பு பக்கவாட்டு தசையும் கூடவே தளர்ந்துட்டா முட்டி உள்பக்கமா சாயும், சில்லு மேல அழுத்தம் ஒரே ஓரமா விழும்.

சைக்கிள்ல எடை சீட்ல இருக்கறதால ஒவ்வொரு மிதிக்கும் அழுத்தம் கம்மிதான், ஆனா நிமிஷத்துக்கு 80 சுத்துன்னா ஒரு மணி நேரத்துல ஒவ்வொரு முட்டியும் 4800 தடவை மடங்குது. சீட் தாழ்வா இருந்தா ஒவ்வொரு தடவையும் தேவைக்கு மேல மடங்கும், முன்பக்கம் வலிக்கும், ரொம்ப உயரமா இருந்தா பின்பக்கம் இழுக்கும். பெடல் அடியில இருக்கும்போது முட்டி 25லிருந்து 35 டிகிரி மடங்கி இருந்தா பொதுவா சரியா இருக்கும். ஏத்தத்துல பெரிய கியர்ல முக்கி முக்கி மிதிக்காம சின்ன கியர் போட்டு வேகமா சுத்துனா அதே வேகத்துக்கு ஒரு மிதிக்கான பலம் குறையுது.

இப்ப ரெஸ்ட் விஷயத்துக்கு வருவோம். ரெஸ்ட் எடுத்தா எரிச்சலான திசு அடங்கும், ஆனா அந்த ரெண்டு வாரத்துல தொடை தசையும் கொஞ்சம் பலம் இழக்கும், மலை மட்டும் அதே மலைதான். அதனாலதான் எண்ணெய் தேய்ச்சாலும் முட்டிக்கு உறை (knee cap) மாட்டுனாலும் அந்த நேரத்து சொகத்தோட நின்னுடுது. ஆராய்ச்சிகள்ல தொடர்ந்து பலன் காட்டுறது தொடையையும் இடுப்பையும் சேத்து பலப்படுத்தற பயிற்சிதான், அதுவும் வாரக்கணக்குல விடாம செஞ்சாத்தான். கண்ணாடி முன்னாடி ஒரு சின்ன படி மேல ஒத்தக்கால்ல நின்னு, இன்னொரு குதிகாலை மெதுவா தரைக்கு எறக்கி தொட்டுட்டு மேல வாங்க, நிக்கற காலோட முட்டி கட்டை விரலைத் தாண்டி உள்ள சாயுதான்னு பாருங்க, சாஞ்சா படி உயரத்தை குறைச்சுக்கங்க. முட்டி வீங்குச்சு, மடக்க முடியாம லாக் ஆகுது, நடக்கும்போது திடீர்னு மடங்கிடுதுன்னா பயிற்சியெல்லாம் வேண்டாம், நேரா எலும்பு டாக்டர்கிட்ட போயிடுங்க.

அப்புறம் வெள்ளியங்கிரிக்கு ஏற ஆரம்பிக்கற பூண்டி அடிவாரத்துல விக்கற மூங்கில் தடி, ஏறும்போது பாரம்னு நெனச்சு அதை வாங்காம விட்டுடாதீங்க. எறக்கத்துல ரெண்டு கையிலயும் குச்சி ஊன்றி நடக்கறப்ப முட்டி மேல விழற பளு 12லிருந்து 25 சதவீதம் வரை குறையறதா அளந்து பாத்திருக்காங்க. முதல்ல தடியை கீழ்ப்படியில ஊன்றி எடையை கைக்கு கொடுத்துட்டு அப்புறம் காலை வைக்கணும், கால் வெச்ச பிறகு ஊன்றுனா முட்டிக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.