பழைய பப் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள்

மறுபடியும் ஒரு பப். இங்கிலாந்தின் சஃபோக் பகுதிக் கிராமம் ஒன்றில், 16ஆம் நூற்றாண்டின் ஓக் மரச்சட்டக் கட்டடம். வெளிச்சுவரின் சிமெண்ட் பூச்சை உடைத்துப் பார்த்தால், சுவரையே தாங்கும் அடிச்சட்டத்துக்குள் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரை இறங்குகிறது. அவ்வளவும் உளுத்துப்போன மரம். பழுதுபார்க்கப் போகும் இடமெல்லாம் இதே கதைதான்.

"சிமெண்ட் பூசினால் தண்ணீர் உள்ளே வராதே?" என்று கேட்கிறார்கள். வரும். ஓக் சட்டம் பருவத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். சிமெண்ட் அதற்கு இசைந்து கொடுக்காமல் விரிசல் விடும். மழைநீர் அதில் நுழைந்தால் வெளியேற வழியில்லை. அந்தச் சட்டங்களுக்கு நடுவே இருப்பது ஹேசல் குச்சிகளைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பிய தட்டி. அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு. நனைந்தாலும் காற்றில் காய்ந்துவிடும். 400 வருடம் அப்படித்தான் நின்றது. சிமெண்ட் போட்டதும் காய்வது நின்றுவிடுகிறது, உள்சுவரில் ஈரத்திட்டு தெரிகிறது. உடனே என்ன செய்கிறார்கள்? இன்னொரு பூச்சு சிமெண்ட்! தயவுசெய்து வேண்டாம். சிமெண்ட் கெட்டியானதுதான், அந்தக் கெட்டித்தனம் பழைய சுவருக்குப் பலமாகாது.

உத்தரத்தில் காலித் துளைகளைக் காட்டி, பழைய கப்பலில் கழற்றிய மரம் என்று பப்புக்குப் பப் சொல்வார்கள். பெரும்பாலும் அங்கே முன்பு ஒரு தடுப்புச் சுவர் இருந்திருக்கும், அல்லது வேறு கட்டடத்தில் கழற்றிய மரமாக இருக்கும். அந்தத் துளைகளை அடைக்காதீர்கள். கட்டடத்தின் வரலாற்றை அவற்றிலிருந்துதான் படிக்கிறோம்.

ஈரம் கண்டால் முதலில் மழைநீர்க் குழாயைப் பாருங்கள். சுவரோரம் மண் ஏறியிருந்தால் வெட்டி இறக்குங்கள். அப்புறம் சுண்ணாம்பு வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருந்தால், அதன் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் முன் அனுமதி வாங்குங்கள். வாங்காமல் செய்வது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பட்டியலில் இல்லாவிட்டால்? ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஹிம்லி அருகே இருந்த 'க்ரூக்கட் ஹவுஸ்' பட்டியலில் இல்லை. 1765இல் பண்ணைவீடாகக் கட்டியது. அடியில் சுரங்கம் தோண்டியதால் ஒரு பக்கம் புதைந்து, சாய்ந்தே நின்றது. 2023 ஆகஸ்ட் 5 அன்று தீப்பிடித்தது, இரண்டே நாளில் இடித்துவிட்டார்கள். பழையபடி கட்டித்தரச் சொல்லி 2024 பிப்ரவரியில் உள்ளூர் கவுன்சில் உத்தரவிட்டது. ஆனால் போனது போனதுதான்.

உங்கள் கிராமத்துப் பப் பட்டியலில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பழைய கட்டடங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் இணையதளத்தில் யாரும் தேடலாம். இல்லையென்றால், சேர்க்கச் சொல்லி யாரும் விண்ணப்பிக்கலாம்.