கறுப்பும் அதன் ஒப்பியும்: மார்பின், ஃபென்டனில்

பாறசாலையில் சித்தி வீட்டுக்கு வரும் மலையாளச் செவிலியர், மார்பின் என்னும் வலி மாத்திரையைக் காட்டி, "இது கறுப்பிலிருந்து எடுப்பது" என்றார். மாத்திரையோ வெள்ளை. சித்தப்பா விழித்தார். மலையாளத்தில் கறுப்பு என்றால் அபினும்தான். கசகசாக் காயைக் கீறினால் வடியும் வெண்ணிறப் பால், காய்ந்தால் கருத்துவிடும். சீனாவின் அபினிப் போரும் அவர்களுக்குக் 'கறுப்பு யுத்தம்'. நம் அபினி, அரபியின் 'அஃப்யூன்' வழி வந்தது. அதன் மூலம் கிரேக்கம், வேர்ப்பொருள் சாறு.

மார்பின் அந்தச் சாற்றிலேயே இருப்பது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைப் பிரித்தெடுத்த ஜெர்மன் மருந்தாளர் செர்ட்யூர்னர், கிரேக்கக் கனவுத் தெய்வம் மார்ஃபியஸின் பெயரை வைத்தார். இன்னொரு வலி மருந்தான ஃபென்டனிலுக்குச் செடியும் இல்லை, தெய்வமும் இல்லை. 1960 வாக்கில் பெல்ஜியத்தில் பால் யான்செனின் ஆய்வகத்தில் பிறந்த செயற்கைப் பொருள் அது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பெயர் ஓபியாய்டு, அதாவது அபினியை ஒத்தது. அதைத் தமிழில் 'அபின்போலி' என்றால் கள்ள மருந்து என்று படித்துவிடுவார்கள். 'போதை மருந்து' என்றால் நோயாளி வெட்கப்பட்டு வலியைப் பொறுத்துக்கொள்வார். 'அபினொப்பி' என்பது என் விருப்பம்.

வேறுபாடு அளவில் இருக்கிறது. ஊசியாகப் போடும்போது 10 மில்லிகிராம் மார்பின் செய்வதை ஏறத்தாழ 100 மைக்ரோகிராம் ஃபென்டனில் செய்துவிடும். மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒன்று மைக்ரோகிராம் என்பதால், இது நூறில் ஒரு பங்கு. மில்லியையும் மைக்ரோவையும் குழப்பினால் மூச்சு அடங்கிப்போகும். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இரண்டுமே இன்னும் ஆபத்து.

சிறுநீரகம் தளர்ந்தால் மார்பினின் சிதைபொருள்கள் உடலில் தேங்கும். சித்திக்கு அப்படித்தான் ஆனது. மருத்துவர் ஃபென்டனில் ஒட்டுக்கு மாற்றினார். தோளில் ஒட்டினால் 72 மணி நேரம் மருந்து கசியும். ஏற்கெனவே அபினொப்பிக்குப் பழகிய உடம்புக்குத்தான் அது. 'பிளாஸ்திரிதானே' என்று சித்தப்பா அதன்மேல் வெந்நீர்ப் பையை வைத்தார். செவிலியர் பாய்ந்து எடுத்தார். சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே இறங்கும் என்றார். எழுப்பினால் எழாமல், மூச்சு மெதுவாகி, கண்மணி குண்டூசித் தலையளவு சுருங்கினால் உடனே ஆஸ்பத்திரி. அங்கே நாலோக்சோன் என்னும் மாற்று மருந்து தருவார்கள். அதன் வேகம் ஒட்டைவிட முன்னதாகத் தீர்ந்துவிடும் என்பதால் மறுபடியும் தரவேண்டிவரலாம்.

கழற்றிய ஒட்டிலும் மருந்து மிச்சமிருக்கும். பசைப்பக்கம் உள்ளே போக மடித்து, பேரன் கைக்கு எட்டாத டப்பாவில் போட்டு மூடிய சித்தப்பா, மேலே எழுதி ஒட்டினார்: 'கறுப்பு அல்ல. மைக்ரோ.'