காபி மறைக்கும் களைப்பு, மது மறைக்கும் தடுமாற்றம்

காபி குடித்தால் தெம்பு வருகிறது என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் காபியிலிருக்கும் காஃபின் என்ற பொருளில் தெம்பு என்று எதுவும் கிடையாது. பாலும் சர்க்கரையும் சேர்க்காத காபியில் கலோரியே அநேகமாக இல்லை. அப்படியென்றால் குடித்த அரை மணி நேரத்தில் கண் தெளிந்து வேலை ஓடுகிறதே, அது எப்படி? நாம் எவ்வளவு களைத்திருக்கிறோம் என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேராமல் காஃபின் தடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். களைப்பு அப்படியே உள்ளே இருக்கிறது.

அந்தச் செய்தியைக் கொண்டுபோவது அடினோசின் என்ற பொருள். மூளை செல்கள் ஏடிபி என்ற மூலக்கூறை உடைத்துத்தான் ஆற்றல் எடுக்கின்றன, அப்படி உடைய உடைய மிச்சமாக அடினோசின் சேர்ந்துகொண்டே போகிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் ஏறும், தூங்கினால் இறங்கும். நரம்பு செல்களின் மேல் இதற்கென்றே இருக்கும் ஏற்பிகளில் இது போய் ஒட்டும்போது செல்களின் வேகம் குறைகிறது, நமக்குக் கண் சொக்குகிறது. காஃபினின் வடிவமும் ஏறக்குறைய இதேதான் என்பதால் அதுவும் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் ஏற்பியை வேலை செய்ய விடாது. துண்டு போட்டு இடம் பிடித்து வைக்கிற மாதிரி. அடினோசின் வெளியே நின்றபடி இன்னும் சேர்ந்துகொண்டிருக்கும், காஃபின் விலகியதும் மொத்தமாக உள்ளே வரும். காபியின் வேகம் அடங்கியதும் சட்டென்று ஆளை அசத்துகிறதே, அதற்கு இதுதான் காரணம்.

எப்போது விலகும் என்பதைத்தான் பலர் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். உடம்பில் இருக்கும் காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 4 மணிக்கு ஒரு கப் காபியில் 100 மில்லிகிராம் உள்ளே போனது என்று வையுங்கள். இரவு 9 மணிக்கு இன்னும் 50 இருக்கும், அதிகாலை 2 மணிக்கு 25. இதுவும் ஆளுக்கு ஆள் மாறும்: புகைபிடிப்பவரின் கல்லீரல் காஃபினை வேகமாக உடைத்துவிடும், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும், நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கு இன்னும் அதிகம். 'எவ்வளவு காபி குடித்தாலும் எனக்குத் தூக்கம் வரும்' என்று சொல்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தூக்கம் வரும், சரி, ஆனால் ஆழ்ந்த தூக்கத்தின் பங்கு அதில் குறைந்திருக்கும். படுத்திருப்பவருக்கு அது தெரியாது, மூளை அலைகளைப் பதிவுசெய்து பார்த்தால் தெரியும்.

தினமும் குடிக்கிறவர் ஒருநாள் விட்டால் தலை இடிக்கிறதல்லவா? அடினோசினுக்கு ரத்தக் குழாய்களை விரிக்கும் வேலையும் உண்டு, காஃபின் அதைத் தடுத்துக் குழாய்களைச் சுருக்கியே வைத்திருக்கும். காபியை நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் குழாய்கள் விரிந்து வலி தொடங்கும், ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய்ச் சில நாட்களில் தானாக அடங்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் இந்த அவஸ்தை அநேகமாக வராது.

மதுவின் கதை வேறு. மதுவில் போதை தரும் பொருளான எத்தனால் மிகச் சிறிய மூலக்கூறு, மூளைக்குள் தடையில்லாமல் நுழைந்துவிடும், காஃபின் போல ஒரே ஏற்பியோடு நிற்காது. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற பொருளின் வேலையைக் கூட்டுகிறது, தூண்டிவிடும் குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. அதாவது பிரேக்கை அழுத்திக்கொண்டே ஆக்சிலரேட்டரையும் விட்டுவிடுகிறது. அப்புறம் ஏன் குடித்தவர் கலகலப்பாகப் பேசுகிறார்? நம்மைக் கட்டுப்படுத்தும், 'இதைப் பேசாதே' என்று தடுக்கும் முன்மூளை முதலில் தளர்ந்துவிடுவதால்தான். தன்னைத் தானே எடைபோடுவதும் அதே முன்மூளையின் வேலை என்பதால், தடுமாறுகிறவருக்குத் தான் தடுமாறுவது தெரிவதில்லை. இதைவிட மோசமானது இறங்குமுகம். ரத்தத்தில் மதுவின் அளவு ஏறும்போது தெரிகிற போதை, இறங்கும்போது அதே அளவில் அவ்வளவு தெரியாது, மனிதருக்குத் தெளிந்துவிட்ட மாதிரி தோன்றும். கையும் கண்ணும் அந்த அளவுக்குத் தெளிந்திருக்காது. 'இப்போது நிதானமாகத்தான் இருக்கிறேன்' என்று சொல்லி வண்டியை எடுப்பது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

வேகமாக நிறையக் குடித்தால் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி நினைவுகளைப் பதிவதையே நிறுத்திவிடும். அந்த ஆள் பேசுவார், பணம் கொடுப்பார், வீடுவரை நடந்தும் வருவார். மறுநாள் எதுவும் நினைவிருக்காது. மறந்துபோனதாக நினைத்து எவ்வளவு யோசித்தாலும் வராது, ஏனென்றால் பதிவே ஆகவில்லை.

கல்லீரல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் எத்தனாலைத்தான் உடைக்கும். முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக, பிறகு அசிட்டேட்டாக. குளித்தாலும் எலுமிச்சைச் சாறு குடித்தாலும் இந்த வேகம் கூடாது. கடுங்காபி குடித்தாலும் கூடாது, சொல்லப்போனால் அதில் ஆபத்து அதிகம்: தூக்கக் கலக்கம் மறையும், போதை அப்படியே இருக்கும், இன்னும் குடிக்கலாம் என்று தோன்றும். காஃபின் சேர்த்து விற்ற மதுபானங்கள் பாதுகாப்பானவை அல்ல என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010இல் தயாரிப்பாளர்களை எச்சரித்ததும் இதனால்தான். அசிட்டால்டிஹைடு நமது டிஎன்ஏவையே சேதப்படுத்துவது. மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே வகைப்படுத்திவிட்டது, இது இன்னும் பலருக்குத் தெரியாமலிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மது குடித்தால் சீக்கிரம் தூக்கம் வருவது உண்மைதான், ஆனால் அளவு இறங்கியதும் அதுவரை அமுங்கிக்கிடந்த தூண்டல் எகிறிக்கொண்டு வரும். அதிகாலை 3 மணிக்கு நெஞ்சு படபடக்க விழிப்பு வரும், நாக்கு வறண்டிருக்கும், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை மது அடக்கிவைத்ததால் உடம்பிலிருந்த நீர் வெளியேறியிருக்கும்.

பல ஆண்டுகள் தினமும் அதிகமாகக் குடித்தவரின் மூளை இந்தத் தூண்டலை எப்போதும் கூட்டியே வைத்திருக்கும். அவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை வரை போகலாம், உயிரும் போகலாம். காபியை விடுவதுபோல இதை வீட்டிலேயே தனியாக முயலக் கூடாது. மருத்துவரிடம் போனால் வலிப்பைத் தடுக்கும் மருந்தும் தயமின் என்ற பி1 வைட்டமினும் கொடுத்து, சில நாட்கள் கண்காணிப்பில் வைத்துப் பத்திரமாக நிறுத்த வைப்பார்கள்.