ரீவ்: மண்ணரண் அல்ல, கல்வரம்பு

இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் கி.மு. 1500 வாக்கில் வெண்கலக் கால மக்கள் போட்ட நில எல்லைக்கு ‘ரீவ்’ என்று பெயர். வரிசை எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லின் டெவன் வட்டார வடிவம் அது. ஆங்கில அகராதியில் reave என்று தேடினால் கொள்ளையிடுதல் என்ற வினை வந்து நிற்கும். எழுத்து ஒன்றுதான், உறவு இல்லை.

இதைத் தமிழில் ‘மண்ணரண்’ என்றே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். தவறு. அரண் பகையைத் தடுப்பது. ரீவ் இன்று பல இடங்களில் முழங்காலளவுகூட இல்லை. சரிந்த கல்லும் மண்ணும் புல் மூடிக் கிடக்கும் நீண்ட மேடு. கட்டியபோது உயரமாக இருந்திருக்கும் என்று வாதாடலாம். இருக்கட்டும், போகிற போக்கைப் பாருங்கள். அரண் கட்டுபவன் முகடு பார்த்துக் கட்டுவான். வயல் பிரிக்கும் ரீவுகளோ பள்ளத்தாக்கு குறுக்கிட்டாலும் திசை மாறாமல் இறங்கி மறுகரை ஏறுகின்றன; இணையிணையாக ஓடி, குறுக்குக் கோடுகளால் வயல்களாகப் பிரிகின்றன. மேற்குப் பெருரீவ் என்ற ஒன்று 10 கி.மீ.க்கு மேல் நீள்கிறது. அத்தனை நீளத்துக்குக் காவல் நிற்க ஆள் ஏது?

‘அகழியும் இருக்கிறதே’ என்பார்கள். டார்ட்மூரிலுள்ள ஷா மூரில் ரீவை ஒட்டிய பள்ளத்தைத் தோண்டியபோது வண்டலில் பதிந்திருந்தவை மாட்டின், ஆட்டின் குளம்புத் தடங்கள். கால்நடை நடமாடிய பள்ளத்தை அகழி என்பது அபத்தம்.

‘வேலி’ ஓரளவு பொருந்தும். டார்ட்மூரின் ஹோல்ன் மூரில் தொல்லியலாளர் ஆண்ட்ரூ ஃபிளெமிங் அகழ்ந்தபோது கல்லுக்கு அடியில் மரவேலியின் தடம் கிடைத்தது. ஆனால் இன்று நிற்பது வேலி அல்லவே. ‘வரப்பு’ என்றால் நமக்குத் தண்ணீர் தேக்குவதுதான் நினைவுக்கு வரும். வயல் எல்லையைக் குறிக்கும் கொங்குப் பக்கத்துப் ‘பொழி’ அருமையான சொல். மற்ற ஊர்க்காரர் மழை என்று நினைத்துவிடுவார்.

‘வரம்பு’ வயல் மேட்டையும் எல்லையையும் சேர்த்தே சொல்கிறது. ஈழத்தில் வயல் வரம்பு இன்றும் பேச்சில் உண்டு. முன்னால் ‘கல்’ சேர்த்தால் நெல்வயல் நினைவும் போய்விடும்.

இன்னொரு தொல்லை, ‘மூர்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் ‘சதுப்பு நிலம்’ என எழுதுவது. டார்ட்மூரில் சேற்றுப் பகுதிகள் உண்டு. அதற்காக முழு மேட்டுநிலத்தையும் சதுப்பாக்கினால், அங்கே வயல் பிரித்தார்கள் என்பதை வாசகர் எப்படி நம்புவார்? ‘மேட்டுத் தரிசு’ போதும்.

ரீவின் வகைகளுக்கும் சொல் தயார்: வயல்களைப் பிரிப்பவை இணைவரம்புகள், அவற்றை மேல்முனையில் முடித்துப் பொது மேய்ச்சலைத் தனியே விடுவது முடிவரம்பு, இரண்டு ஆறுகளுக்கு நடுவே முகட்டில் ஓடுவது நீர்பிரி வரம்பு.